மச்சறைக்கு சீலிங் கேட்ட வீடு

வெயிலைத் தடுக்கும் சரக்குகளைப் பற்றி உங்களுக்கு விளக்கம் சொல்ல கம்பெனிகளே ஆள் அனுப்பும். கண்ணாடிக் கம்பளி எங்கே போட வேண்டும், தெர்மாகோல் எங்கே போடக் கூடாது, ஃபாயில் பேப்பரின் பளபளப்பான பக்கம் எதைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மாடிகளிலும் தகரக் கூரைகளிலும் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருப்பவன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசுங்கள் என்று அழைத்ததும் ஒரே ஒரு வீடுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. அதையே சொல்லிவிடுகிறேன்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிற குடும்பம். மூத்தவர் பெயரை முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் ஆபீசுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அளந்து பேசுகிற மனிதர். வீட்டுக்கு மேலே ஒரு மச்சு இருக்கிறது, அந்தக் காலத்தில் நூல் மூட்டை போட்டு வைக்கக் கட்டியது, ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகர சீட் போட்டுப் படுக்கையறையாக மாற்றியிருக்கிறோம் என்றார். வேறு யாரோ வந்து சீட்டுக்கு அடியில் தெர்மாகோலை ஒட்டிவிட்டுப் போனார்களாம். வெக்கை கொஞ்சமும் குறையவில்லை. தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை வந்தால் தங்க ஒரு அறை வேண்டும்.

இது நாம் தினமும் கேட்கிற கதைதான். தகரத்துக்கு அடியில் தெர்மாகோலை ஒட்டினால் வெயிலுக்கு ஒரு சட்டை போட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நடுவே காற்றுப் போக இடைவெளி வேண்டும், சூடு வெளியேற உச்சியில் வழி வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். முருகேசன் குறுக்கிட்டார்.

"வழியெல்லாம் வேணாம் பாய். எல்லாத்தையும் அடைச்சிருங்க. சூடு முன்னப் பின்ன இருந்தாலும் பரவால்ல. சத்தம் மட்டும் கேக்கவே கூடாது."

பக்கத்து வீடுகளில் விசைத்தறி ஓடுகிற ஊர். மேலே படுப்பவருக்கு அந்தச் சத்தம் தொந்தரவு என்று நான் எடுத்துக்கொண்டேன். வருகிற வியாழக்கிழமை வந்து அளவு எடுப்பதாகப் பேசி முடித்தோம். போகும்போது, வருவதற்கு முன்னால் போன் பண்ணிவிட்டு வாருங்கள் என்று வாசலில் நின்று இன்னொரு முறை சொன்னார்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காந்திகிராமத்துப் பக்கம் ஒரு வேலை. என்னோடு இருந்தவர் சேவியர். சீலிங் வேலையில் என் கூடவே வளர்ந்த ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர். வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. சின்னாளபட்டி கூப்பிடு தூரம்தான், அளவை இன்றைக்கே எடுத்துவிட்டால் வியாழக்கிழமை ஒரு நடை மிச்சம் என்றார் சேவியர். முருகேசனுக்கு போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று போனோம்.

வாசலில் கோலம் பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே கூடத்தில் புது ஜமுக்காளம், ஓரமாக வாடகை நாற்காலிகள், கேசரி வாசம். முருகேசனின் மனைவி செல்வி கையில் பூப்பந்தோடு வந்தவர் எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போய் நின்றார். இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், அவர் மெயின் ரோட்டுக்கு அவர்களைக் கூட்டி வரப் போயிருக்கிறார், இன்னொரு நாள் வாருங்கள் என்றார். நியாயம்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம்.

அப்போது உள்ளறையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். தேவி. பட்டுச்சேலை கட்டி, பாதித் தலை பின்னி, மீதி முடியைக் கையில் பிடித்தபடி வந்தாள். எங்களிடம் பேசவில்லை, அண்ணியிடம்தான் பேசினாள்.

"மதினி, காலைல இருந்து கத்திக்கிட்டே இருந்தாரு. இப்பச் செத்த நேரமாச் சத்தமே இல்ல."

செல்வி அவளைக் கண்ணால் அடக்கினார். தூங்கியிருப்பார் என்றார். தேவி அசையவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். செல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தேவி அந்தக் கையை உதறவில்லை, சாவியையும் விடவில்லை.

"மேல எங்க சின்னண்ணன் இருக்காரு. போய்ப் பாருங்க. நான் போனா இவங்க விட மாட்டாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே இருப்பது மாப்பிள்ளைக்கான அறை என்றல்லவா சொன்னார்கள்? ஆனால் அவள் கண்ணில் இருந்தது விளங்கியது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

படி செங்குத்தான மரப்படி. நானும் சேவியரும் பாதி ஏறும்போதே மேலிருந்து வெக்கை முகத்தில் இறங்கியது. கதவில் பூட்டுத் தொங்கியது, வெளிப்பக்கமாக. கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு பழைய சேலையைச் சுருட்டி, அங்குலம் விடாமல் அடைத்திருந்தார்கள். பூட்டைத் திறந்தும், அதை உருவாமல் கதவு நகரவில்லை. நான் உருவினேன். உருவும்போது அந்தத் துணியின் மறுமுனை ஈரமாக இருந்தது. எச்சில் ஈரம்.

கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. உள்ளே ஒரு ஆள் கதவை ஒட்டிக் குப்புறக் கிடந்தார்.

நான் செங்கல் காளவாசல் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். சித்திரையில் தகரக் கூரைமேல் நின்று போல்ட் முடுக்கியிருக்கிறேன். அந்த அறைக்குள் தலையை நீட்டியபோது மூச்சை இழுக்கவே முடியவில்லை. காற்றுப் போக்கி இரண்டிலும் பிளைவுட் அடித்திருந்தது. ஜன்னலில் சாக்கை மடித்து ஆணி அறைந்திருந்தது. சீட்டில் ஒட்டியிருந்த தெர்மாகோல் வளைந்து தொங்கியது. சுவர் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்தச் சூட்டையே திரும்பத் திரும்ப அவர்மேல் வீசிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பு மூலையில் உருண்டு கிடந்தது. அவருடைய வாய், நான் துணியை உருவிய அந்த இடுக்குக்கு நேராக இருந்தது.

முப்பது வயதுக்காரர். நெற்றிக்கு மேலே பெரிய தழும்பு. தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது, ஆனால் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண் பாதி திறந்து மேலே செருகியிருந்தது. இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. மூச்சு இருந்தது.

சேவியர் பையிலிருந்து சுத்தியலை எடுத்துவிட்டார். ஜன்னல் சாக்கைப் பிய்த்துக் காற்று விட வேண்டும் என்று போனார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் தொழிலில் இருப்பவனுக்குக் கை முதலில் அறையைத்தான் தேடும், கூரையை, ஜன்னலை. உச்சி வெயிலில் தகரம் கொதிக்கும்போது நான்கு ஜன்னலைத் திறந்தாலும் அந்த அறை அந்த மனிதருக்கு உதவாது. ஆளை அங்கிருந்து எடுக்க வேண்டும். சேவியர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார், சுத்தியலைப் போட்டுவிட்டு, கிடந்தவரின் கக்கத்தில் கை கொடுத்தார். நான் கால்களைப் பிடித்தேன். போர்வையில் கிடத்தி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறக்கினோம். இறங்கும்போதே சேவியர், படியடியில் நின்ற தேவியிடம் நூற்றெட்டுக்கு போன் பண்ணச் சொன்னார்.

கடைசிப் படிக்கு நாங்கள் வந்தபோது, வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். தட்டுகளில் பழம், பூ, வெற்றிலை. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு முருகேசன்.

அந்தச் சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றுவிட்டது. எங்களை, போர்வையை, அதிலிருந்து தொங்கிய தம்பியின் கையைப் பார்த்தார். கிட்டே வந்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னார்:

"பாய், கும்புட்டுக் கேக்குறேன். பின்பக்கம் தூக்கிட்டுப் போங்க."

பின்பக்கம் எனக்குத் தெரிந்தது. சாயப் பட்டறை, அதன்மேல் இன்னொரு தகரக் கொட்டகை. அந்த வீட்டில் குளிர்ச்சியான இடம் கூடம் ஒன்றுதான். பழைய காரைத் தளம், கல் தரை, பெரிய மின்விசிறி. ஜமுக்காளத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில், விசிறிக்கு நேர் கீழே அவரைக் கிடத்தினேன்.

தண்ணீர் என்றேன். தேவி குடத்தோடு ஓடிவந்தாள். பிறகு அலமாரியிலிருந்து விற்பனைக்கு வைத்திருந்த சேலைகளை அள்ளி வந்து, நனைத்து நனைத்து அவர் கழுத்து, கக்கம், தொடை என்று போர்த்தினாள். சுங்குடிச் சாயம் கரைந்து கல் தரையில் சிவப்பும் நீலமுமாக ஓடியது. அவளுடைய பட்டு முழங்கால்வரை நனைந்துவிட்டது. செல்வி அழுதுகொண்டே ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து அவர் வாயில் ஊற்றப் பார்த்தார். நான் கையை மறித்தேன். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கூரை வேலையில் வெயில் தாக்கி விழுந்த நம் ஆட்களைப் பார்த்துக் கற்றது அது. உங்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். கடைசியில் அந்தப் பையனுடைய அம்மாதான் முருகேசனைப் பார்த்து, இது யார் என்று கேட்டார். முருகேசன் தரையில் ஓடிய சாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"எங்க சின்னண்ணன். பேரு கண்ணன்."

அவர்கள் வீட்டுக்குச் சொல்லப்பட்ட குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லை என்பது அந்த அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. கண்ணனை ஏற்றினோம். நான் திரும்பிப் பார்த்தபோது தட்டுகள் நாற்காலியில் இருந்தன, வந்தவர்கள் தெருமுனைக்குப் போயிருந்தார்கள்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். முருகேசனும் செல்வியும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் சட்டையெல்லாம் சாயம். பக்கத்தில் உட்காரவே எனக்குக் கூசியது, எழுந்து போகவும் மனசில்லை. அவராகவே பேச ஆரம்பித்தார். தம்பிதான் வேன் ஓட்டி மதுரைக்குச் சரக்குப் போடுவாராம். பைக்கில் வரும்போது அம்பாத்துறைப் பக்கம் அடிபட்டு, தலையில் ஆபரேஷன் ஆகி, உயிர் தப்பியது. வலக்கையும் காலும் போயின, பேச்சும் போனது. சத்தம் மட்டும்தான் வரும். தினமும் குளிப்பாட்டி, ஊட்டி, மலம் அள்ளியது எல்லாம் இவர்தான். தெருவில் புகார். இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. தங்கை கல்யாணம் முடிகிறவரைக்கும்தான் மேலே வைப்பது, அப்புறம் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மேலே கொண்டுபோன பிறகுதான் கத்தல் அதிகமானது. மூளை இன்னும் கெட்டுப்போகிறது என்று நினைத்தார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. கொடுமைக்காரன் என்று ஒதுக்கிவிட முடிந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எப்போதெல்லாம் கத்துவார் என்று கேட்டேன். செல்விதான் சொன்னார். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பிப்பாராம். பொழுது சாய்ந்தால் அடங்கிவிடுவாராம். நடுவில் ஒருநாள் கோடை மழை பெய்தது, அன்றைக்கு முழுக்க ஒரு சத்தம் இல்லை, நன்றாகத் தூங்கினார் என்றார். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தான் என்ன சொல்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் கேட்டது. சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். கதவிடுக்கில் அன்று காலை துணி அடைத்தது அவர்தான்.

பேச்சில்லாத மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், சுடுகிறது, சுடுகிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அதைக் கேட்காமல் செய்யத்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். வியாழக்கிழமை நாங்கள் போயிருந்தால் அவரைக் கீழே இறக்கிவைத்துவிட்டு அறையைச் சுத்தமாகக் காட்டியிருப்பார்கள். நாங்களும் கேட்டபடியே இடுக்கு விடாமல், கம்பளி திணித்து, இரட்டை போர்டு அடித்து, நேர்த்தியாக முடித்துக் கொடுத்திருப்போம்.

ஆகையால் சொல்கிறேன். எந்த அறைக்குப் போனாலும் அதில் யார் படுக்கப்போகிறார் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் போதாது, அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் படுக்கை எந்தப் பக்கம், மதியத்தில் எங்கே இருப்பீர்கள், குழந்தை உண்டா என்று அவரிடமே பேசுங்கள். காட்ட மறுத்தால் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே நில்லுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குத் தகவல் போனது. என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, பூட்டைச் சொல்லுங்கள், அந்தத் துணியை மட்டும் விட்டுவிடுங்கள், பொம்பளை சமாச்சாரம் என்றார். நான் துணியையும் சொன்னேன். சொல்லும்போது முருகேசன் எதிரில்தான் நின்றார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வழக்குப் பதிவானது, கணவனும் மனைவியும் ஜாமீனில் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கை கால் விளங்காத அண்ணன் இருப்பதில் எங்களுக்குக் குறையில்லை, இருக்கிறவனை இல்லை என்று சொல்கிற வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று அந்த அம்மா சொன்னாராம். தேவிதான் என்னிடம் இதைச் சொன்னாள். அந்த அம்மாமேல் தனக்குக் கோபம் இல்லை என்றாள்.

கண்ணன் பிழைத்தார். சிறுநீரகம் பாதித்து நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்துதான் வீடு திரும்பினார். தெருப்பக்கத்து அறையை அவருக்குக் கொடுத்தார்கள். ஐப்பசி வாக்கில் தேவி போன் செய்தாள். மேல் அறைக்கு இனி நான் போகிறேன், கீழே இடம் போதவில்லை, நீங்கள் அண்ணனிடம் முதலில் சொன்ன மாதிரியே காற்றுப்போக்கி வைத்து, கம்பளி போட்டு நல்லபடியாகச் செய்து கொடுங்கள் என்றாள். எனக்கு அந்தப் படியில் மறுபடி ஏற விருப்பமில்லை. அவள் கேட்டதற்காகப் போனேன்.

சேவியரும் நானும் சரக்கை இறக்கினோம். ஜிப்சம் போர்டு, கம்பளிச் சுருள், கம்பிகள். கண்ணன் வாசலையொட்டிய கட்டிலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. எங்களைப் பார்த்தவர் எங்களைவிட போர்டைத்தான் பார்த்தார். சேவியர் முதல் போர்டைத் தோளில் வைத்துப் படியில் காலை வைத்தார்.

கட்டிலிலிருந்து ஆள் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் கண்ணன் தரையில் கிடந்து, ஒரு கையால் உடம்பை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கிப் போகிறார். நிலைக்கட்டையை அந்த ஒரு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தை நான் முதல்முறையாகக் கேட்டேன். வாயால் அதைச் சொல்லிக் காட்ட எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். செல்வி அடுப்படி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முருகேசன் ஓடிவந்து தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உனக்கில்லப்பு. சத்தியமா உனக்கில்ல. தங்கச்சிக்கு."

கண்ணன் நம்பவில்லை. அண்ணன் கை தோளில் பட்டதும் உடம்பை இன்னும் ஒடுக்கிக்கொண்டு நிலையை இறுக்கினார். முருகேசன் கையை எடுத்துவிட்டார். தன் தம்பி தன்னைப் பார்த்து எதற்காக நடுங்குகிறான் என்பது முழுவதுமாக அவருக்குள் இறங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். போலீசும் கோர்ட்டும் அதைச் செய்திருக்கவில்லை.

தேவி என்னிடம் வந்தாள். ரூமே வேண்டாம் பாய், பிரித்துவிடுங்கள், நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன் என்றாள். நான் முருகேசனைப் பார்த்தேன். அவர் எழுந்து, சேவியரின் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு படியேறினார். முதல் போல்ட்டை அவர்தான் கழற்றினார். நாங்களும் மேலே போனோம். காரைத் தளத்தில் மழைத் தண்ணீர் வடிவதற்கு வழி செய்துவிட்டால் அது சாதாரண மொட்டைமாடிதான். கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு சீட்டாகக் கயிறு கட்டித் தெருப்பக்கம் இறக்கினோம். கீழே கண்ணனின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. நான் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். நிலையைப் பிடித்தபடியே, தலையை அண்ணாந்து, இறங்குகிற ஒவ்வொரு தகரத்தையும் அது தரையைத் தொடுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி சீட் இறங்கி, மச்சுச் சுவருக்கு மேலே வெறும் வானம் தெரிந்த பிறகுதான் அந்தக் கையை விட்டார்.